பின்னால் வந்தால் கத்தாத வண்டி

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். போன வாரம் பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு ஒரு பழைய வேனில் போனேன். ஓட்டியவரும் அவர் மனைவியும் முன்னால் இருந்தார்கள். சக்கரம் கரகரவென்று கத்தியது. அச்சு போய்விட்டதாக மெக்கானிக் சொல்லியிருக்கிறார். அதனால் பிழைப்பே அந்த வண்டியாக இருந்தும், அன்றைக்கே அரியலூரில் விற்கப் போகிறார்கள் என்று பேச்சில் தெரிந்தது.

"ஏங்க, கெளம்பறப்ப ரிவர்ஸ்ல வந்தப்பக் கத்தலீங்களே," என்றாள் அவள்.

"அப்ப அரியலூருக்குப் பின்னாடியே போயிருவோமா?"

"அச்சு போயிருந்தா எப்படிப் போனாலும் கத்தும். அன்னைக்குச் சுண்ணாம்புக்கல்லு லாரிக்குப் பின்னால நாம போனப்பறம்தானே இந்தச் சத்தம்? எறங்கிப் பாருங்க."

முனகிக்கொண்டே வண்டியை நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் தட்டுக்கும் அதை மூடியிருக்கும் தகரத்துக்கும் நடுவில் புளியங்கொட்டை அளவு வெள்ளைக் கல் இருந்தது. அதை எடுத்துப் போட்டதும் வண்டி சத்தமில்லாமல் ஓடியது.

"வண்டிய வாங்க வர்றவருகிட்ட என்னன்னு சொல்றது?"

"பொண்டாட்டி உட மாட்டேங்குறான்னு சொல்லுங்க."

அவர் சிரித்தபடி, ஆளில்லாத ரோட்டில் அரியலூர் வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டே போனார்.

தங்கம், நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதைப் படிச்சுக் காட்டு. அந்தப் பொண்ணு பேசுற இடத்தை மட்டும் நல்லா உரக்கப் படி.