நாலுகல் முடக்கு

அது ரொம்ப முந்தின காலம். மருதங்கண்மாய்னு ஒரு ஊரு. அந்தக் கண்மாய் மடையைத் திறந்து மூடுற வேலை இருளாயிக்கு. புருசன் செத்தப்புறம் அவதான் பாத்தாளாம்.

மடையிலருந்து போற வாய்க்கா, கீழக்குடிங்கிற சின்னக் குடியிருப்புகிட்ட திரும்புற முடக்குல, தண்ணிக்குக் குறுக்க ஒரு பலகையத் தொங்கவிடுவா. தண்ணி அதத் தள்ளும். தள்ளாம நிறுத்தக் கயித்துல எத்தனை கல்லு கட்டணும்னு பாப்பா. மட்டைத்துண்டு ஒண்ண மெதக்கவிட்டு ஓட்டம் எத்தனை வேகம்னும் எண்ணுவா. பல வருசம் எண்ணிக் கண்டுபுடிச்சாளாம்: ஓட்டம் ரெண்டு மடங்கானா கல்லு நாலு மடங்கு. மூணானா ஒம்பது.

ஒரு ஐப்பசி. ஏழு நாளு விடாத மழை. மிச்சத் தண்ணி வெளியேறுற கலுங்கு வழிஞ்சும் தண்ணி இறங்கல. கண்மாய்க் கரை உச்சிக்கு நாலு விரக்கடைதான் பாக்கி. கரை உடைஞ்சா ஊரே போயிரும். கீழக்குடியச் சுத்தியும் வெள்ளம், ஆளுக வெளிய வர வழியில்ல. ஊருத் தலைவரு சொர்ணலிங்க அம்பலம், மடையில தண்ணி போற மூணு கண்ணையும் திறக்கச் சொன்னாராம்.

இருளாயி ரெண்டைத் திறந்தா. மூணாவதுக்கு மாட்டேன்னுட்டா. ஒரு கண்ணுக்கு ஒரு கல்லு நின்ன முடக்குல இப்ப நாலு நிக்குது, நாலுக்கே வாய்க்காக் கரை கசியுது, மூணாவதும் திறந்து ஒம்பதுன்னா கீழக்குடிய அள்ளிக்கிட்டுப் போயிரும்னாளாம்.

"உம் மக வாக்கப்பட்டது கீழக்குடி. அதான் இப்படிப் பேசுற" அப்படின்னாரு அம்பலம்.

"ஆமா. பச்சப்புள்ளக்காரி. அதனாலதான் மூணு தரம் எண்ணிப் பாத்தேன்."

அம்பலம் தானே மடைக் கம்பைப் புடிச்சாரு. அவ மறிக்கல. தன் கணக்குத் தப்பி கண்மாய்க் கரை உடைஞ்சா அத்தனை உசிரும் தன் தலையிலன்னு அவளுக்கும் தெரியுமாம்.

"திறங்க அம்பலாரே. ஆனா முடக்குல வந்து நின்னு, அங்கருந்து தோள் துண்ட வீசுங்க, அதப் பாத்து இங்க ஆளுக திறக்கட்டும். நானும் கூட நிக்கிறேன்."

போனாங்க. நாலு கல்லும் கயித்த இழுத்து நிக்குது, பலகை கிடுகிடுங்குது. அம்பலம் வாய்க்காக் கரை மண்ணத் தொட்டாரு. கையோட வந்துச்சு. கீழ ஒரு வீட்டுல யாரோ அடுப்பு மூட்டிப் புகை வருது. துண்ட அவுத்தாரு. மடையில ஆளுக அவரையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. தூக்குன கை தூக்குனபடி. வீசல.

மத்தவங்க பனையோலையும் மண்ணும் வச்சுக் கண்மாய்க் கரைய அணைச்சுக்கிட்டே இருந்தாங்களாம். பொழுது சாயுறப்ப மேலருந்து ஒருத்தன் கூவுனான், கண்மாய்த் தண்ணி ஒரு விரக்கடை இறங்கிருச்சுன்னு. இருளாயி அப்படியே சேத்துல உக்காந்துட்டாளாம்.

அதுலருந்து அந்த இடத்துக்கு நாலுகல் முடக்குன்னு பேரு. இன்னைக்கும் வெள்ளத்துல மூணாங்கண்ணத் திறக்கணும்னா, சொல்றவரு அந்த முடக்குல போய் நின்னுதான் துண்ட வீசணும். இதுவரைக்கும் யாரும் வீசுனதில்ல.