வருகை ரசிகர்கள்: ஒருவர்

மேடையில் அமர்ந்திருக்கும் கழகத் தலைவர் ஷிமொத்தோரி அவர்களே, அணித் தலைவர் சுகயா அவர்களே, பனியில் மூன்று ரயில்கள் மாறி ஹொக்கைதோவிலிருந்து வந்திருக்கும், மறைந்த ஹதானோ அவர்களின் தங்கையே, மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் நாகிஹாமா மக்களே, உங்கள் அனைவருக்கும் தலை வணங்குகிறேன்.

என் பெயர் முனாகாத்தா யோரிகோ. நம் கால்பந்துக் கழகத்தில் வெளியூர் ஆட்டங்களுக்கான ஏற்பாடுகளைக் கவனிக்கிறேன். பேருந்து, விமானம், விடுதி, உணவு. இவற்றோடு எனக்கு ஒரு சின்ன வேலையும் உண்டு. வெளியூரில் ஆடும்போதெல்லாம் நம் ரசிகர்கள் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று எண்ணி, ஆட்ட அறிக்கையில் 'வருகை ரசிகர்கள்' என்ற வரியில் எழுத வேண்டும். இருபத்தோரு ஆண்டுகளாக எண்ணுகிறேன். கூட்டங்களில் பேசிப் பழக்கமில்லை. புகழுரைகளில் எனக்கு நம்பிக்கையும் குறைவு. ஆனாலும் இன்று பேசவேண்டும் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏன் என்பதைக் கடைசியில் நீங்களே அறிவீர்கள்.

ஹதானோ செய்ஜி அவர்கள் ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் முப்பத்தைந்து ஆண்டுகள் முடிவெட்டினார். அவர் கடைக் கதவில் தொங்கும் அட்டை உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு பக்கம் 'திறந்திருக்கிறது'. மறுபக்கம் 'மூடியிருக்கிறது' என்று இருக்காது. 'வெளியூர் ஆட்டம்' என்று இருக்கும். அந்த அட்டையைப் பார்த்துத் திட்டிக்கொண்டே திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் இங்கே இருக்கிறீர்கள்? ஆனால் வேறு கடைக்குப் போனவர்கள் எத்தனை பேர்?

சென்ற ஆட்டப் பருவத்தை நினைத்துப் பாருங்கள். அதற்கு முந்தைய ஆண்டு, நாட்டின் எல்லா வகை அணிகளும் மோதும் பேரரசர் கோப்பையை வென்றிருந்தோம். அதனால் ஆசியப் போட்டிக்குத் தகுதி பெற்றோம். நம் ஊர் ஆசியாவுக்குப் போகிறது என்று கடைத்தெரு முழுக்கக் கொடி கட்டினோம். பிறகு என்ன நடந்தது? வசந்தத்தில் லீகில் தொடர்ந்து ஆறு தோல்விகள். ஜூன் மாதம், கோப்பையைக் கையில் வைத்திருக்கும் அணியாகிய நாம், அதே கோப்பைப் போட்டியின் இரண்டாம் சுற்றிலேயே ஒரு பல்கலைக்கழக மாணவர் அணியிடம் தோற்று வெளியேறினோம்.

அதற்கு இரண்டு நாள் கழித்து சுகயா அவர்கள் முடிவெட்டப் போயிருக்கிறார். இதை அவரே எனக்குச் சொன்னார்.

"கொஞ்சம் சீக்கிரம் முடிச்சிடுங்க, பயிற்சிக்கு நேரமாச்சு."

"காலேஜ் பசங்ககிட்ட தோத்துட்டு வந்தவருக்கு என்ன அவசரம்? உக்காருங்க."

காத்திருந்த மீன் ஏலக்காரர் ஒருவர் சும்மா இருக்கவில்லை. "வெட்டாம விடுப்பா. முகம் மறைஞ்சாத்தான் ஊருக்குள்ள நடமாட முடியும்."

"நீங்க பேசாதீங்க. போன வருஷம் கோப்பை வாங்கினப்ப இதே நாற்காலியில உக்காந்து மூக்கைச் சிந்தினது யாரு? என் துண்டுல அந்தக் கறை இன்னும் போகல."

சுகயா அவர்கள் அன்று சிரித்துவிட்டாராம். ஒரு மாதத்தில் அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான் என்று சொன்னார்.

இலையுதிர் காலம் வந்தது. லீகில், இரண்டாம் பிரிவுக்கு இறக்கிவிடும் கடைசி மூன்று இடங்களுக்குள் இருந்தோம். வார இறுதியில் லீக், வார நடுவில் ஆசியா. ஆசியாவுக்கு மாற்று வீரர்களையும் இளையவர்களையும் அனுப்பினோம். களைத்திருந்தாலும் அணித் தலைவர் மட்டும் எல்லா ஆட்டத்துக்கும் வந்தார். ரசிகர்கள் லீக் ஆட்டங்களுக்குப் பணத்தையும் விடுப்பையும் சேமித்தார்கள். அதில் தவறில்லை. நானும் அதையேதான் செய்திருப்பேன்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆஸ்திரேலியாவில் ஆட்டம். நம் ரசிகர் மன்றத்திலிருந்து ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. பதாகைகளுக்கு முன்கூட்டி அனுமதி கேட்டு நான் ஒரு படிவம் அனுப்ப வேண்டும். யாரும் வராத ஆட்டத்துக்கு யாருடைய பதாகை? நான் அனுப்பவில்லை.

இடைவேளையில் களத்தின் ஓரமாக நடந்துபோய் நமக்கு ஒதுக்கிய மூலையைப் பார்த்தேன். இரண்டாயிரம் காலி இருக்கைகள். காற்று மட்டும் பலமாக அடித்தது. அறிக்கையை எடுத்து, 'வருகை ரசிகர்கள்: இல்லை' என்று எழுதினேன். பிறகு உடைமாற்றும் அறையின் வாசலில் சுகயா அவர்களிடம் சொன்னேன்: "அந்த மூலையில யாருமில்ல. முடிஞ்சதும் நேரா உள்ள வந்துடுங்க, விமானத்தைப் பிடிக்கணும்."

வென்றாலும் தோற்றாலும் ஆட்டம் முடிந்தபின் நம் வீரர்கள் ரசிகர்கள் நிற்கும் மூலைக்குப் போய், வரிசையாக நின்று தலை வணங்குவார்கள். அதை யாரும் கேட்டு வாங்குவதில்லை. யாரும் தவறவிடுவதும் இல்லை. அன்று நான்கு கோல்களில் தோற்றோம். வீரர்கள் நேராக உள்ளே போனார்கள். நான் சொன்னதால் போனார்கள்.

எல்லோரும் போனபின் நான் ஒரு முறை திரும்பிப் பார்த்தேன்.

அந்த மூலையில், கம்பியை ஒட்டி, ஒருவர் நின்றுகொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். அவருக்குப் பின்னால் இருக்கைகளின் மேல் பன்னிரண்டு மீட்டர் நீளத்துக்கு அந்தப் பதாகைத் துணி விரிந்திருந்தது. 'நாகிஹாமா இங்கே இருக்கிறது.' நீங்கள் நூறு முறை பார்த்த எழுத்துக்கள். அவர் தன் கையால் எழுதியவை.

அவர் அங்கே இருந்தார். 'இல்லை' என்று நான் எழுதிய இடத்தில் அவர் இருந்தார். வீரர்கள் வருவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தார்.

நான் உள்ளே ஓடியிருக்கலாம். சுகயாவைக் கூப்பிட்டிருக்கலாம். முப்பது அடி தூரம்தான். பேருந்து காத்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. நான் தவறாக எண்ணியது தெரிந்துவிடுமே என்பதுதான் உண்மை.

சற்று நேரம் கழித்து அவர் காலி மைதானத்தைப் பார்த்து வணங்கினார். பிறகு துணியை மடிக்கத் தொடங்கினார். அது தரையில் படக்கூடாது என்பது நம் வழக்கம். அதனால் மடிக்க நான்கு பேர் வேண்டும். அவர் ஒரு முனையை இருக்கையின் முதுகில் மாட்டிவிட்டு மறுமுனைக்கு நடப்பார். காற்று முதல் முனையைத் தள்ளிவிடும். திரும்ப வருவார். எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை.

விமான நிலையத்தில் அவரே என்னைத் தேடி வந்தார்.

"முனாகாத்தா-சான், சாப்பிட்டீங்களா? இங்க சோறு ஒண்ணும் சரியில்ல."

எப்போது வந்தீர்கள் என்று கேட்டேன்.

"முன்னாடியே வந்துட்டேன். வாசல்ல துணிய விடமாட்டேன்னுட்டாங்க. ஏதோ படிவம் இல்லையாம். கையக் கால ஆட்டிச் சொல்லிப் பாத்தேன். கடைசியில ஒரு அம்மா வந்து விரிச்சுப் பாத்துச் சிரிச்சாங்க, விட்டுட்டாங்க. நாலாவது கோலுக்குத்தான் உள்ள வந்தேன். முதல் மூணும் எப்படி விழுந்துச்சுன்னு சொல்லிடாதீங்க, நல்லா இருப்பீங்க."

பிறகு கேட்டார்: "என்னை எண்ணிட்டீங்கல்ல?"

"எண்ணிட்டேன்" என்றேன்.

"அப்ப சரி. பசங்க களைச்சுப் போயிருப்பாங்க. பரவால்ல."

அவ்வளவுதான். இதை அவர் ரசிகர் மன்றத்தில் சொன்னாரா? கடையில் சொன்னாரா? முடிவெட்ட உட்கார்ந்த சுகயா அவர்களிடமாவது சொன்னாரா? யாரிடமும் சொல்லவில்லை. அதை நான் பெருந்தன்மை என்று சொல்லிவிட்டு இறங்கிப் போகலாம். ஆனால் வீரர்கள் தன்னைப் பார்த்தும் பார்க்காமல் போனதாகவே அவர் நினைத்திருக்கக்கூடும். அந்த எண்ணத்தோடு அவர் அந்தக் கடையில் தனியாக இருந்திருக்கக்கூடும். அது எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் வழியில்லை.

டிசம்பரில் நாம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கினோம். அடுத்த வாரம் உண்மையைச் சொல்வதற்காகவே அவர் கடைக்குப் போனேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து துணியின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"இறங்கினா என்ன? ஆசியாவுல இன்னும் இருக்கோம்ல. குழுவுல ரெண்டாவது இடம். பிப்ரவரியில தாய்லாந்து. நான் டிக்கெட் போட்டுட்டேன்." ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "இந்தத் தடவை அந்தப் படிவத்த மட்டும் அனுப்பிடுங்க."

அனுப்புகிறேன் என்றேன். தேநீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரி ஒன்பதாம் தேதி காலை, அட்டையில் 'திறந்திருக்கிறது' என்று இருந்தது; கதவு திறக்கவில்லை. அட்டையைத் திருப்ப மறந்துபோய்விட்டார் என்று நினைக்க, அன்று ஆட்டம் எதுவும் இல்லை என்பது அந்த ஏலக்காரருக்குத் தெரியும். அதனால்தான் அவர் பின்பக்கமாகப் போய்ப் பார்த்தார். ஹதானோ அவர்களின் இதயம் நின்று பல மணி நேரம் ஆகியிருந்தது.

அக்டோபர் அறிக்கையைத் திருத்தக் கேட்டேன். முடிந்துபோன ஆட்டத்தின் அறிக்கையைத் திறக்க முடியாது என்று பதில் வந்தது. ஆகவே இங்கே, உங்கள் முன்னால், அவர் தங்கையின் முன்னால் திருத்துகிறேன். அந்த ஆட்டத்தில் வருகை ரசிகர்கள்: ஒருவர். ஹதானோ செய்ஜி.

சுகயா அவர்களே, இதை நீங்கள் இன்றுதான் கேட்கிறீர்கள். தவறு உங்களுடையது அல்ல. பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி தாய்லாந்தில் ஆட்டம் முடிந்ததும் யாரிடமும் எண்ணிக்கை கேட்காதீர்கள். அந்த மூலைவரை நடந்து வந்து, நீங்களே பாருங்கள்.

தலைவர் அவர்களே, அன்று எனக்கு விடுப்பு வேண்டும். அறிக்கையை வேறு யாராவது எழுதட்டும். படிவத்தை நேற்றே அனுப்பிவிட்டேன். இருபத்தோரு ஆண்டுகளில் நான் அந்தப் பக்கம் நின்றதில்லை. எப்படிப் பாடுவது என்றுகூடத் தெரியாது. ஆனால் துணியை நான் எடுத்துக்கொண்டு போகிறேன். அவர் தங்கை ஒப்புக்கொண்டார்.

நாகிஹாமா மக்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டு முடிக்கிறேன். காற்று அங்கேயும் அடிக்கும். துணி தரையில் படக்கூடாது. ஒரு முனையை நான் பிடித்துக்கொள்கிறேன். இன்னும் மூன்று முனைகள் இருக்கின்றன.