வெட்டாத பட்டன்

பேருந்தில் பிறர் பேச்சைக் கேட்பதற்காகத் தூங்குவதுபோல நடிப்பவன் நான். நடிப்பு தத்ரூபமாக இருக்க வேண்டுமென்று குறட்டையும் விடுவேன். அந்தச் சத்தத்தில் பாதிப் பேச்சு எனக்கே கேட்காது. அப்படியொரு அறிவாளி.

மல்லசமுத்திரம் பஸ்ஸில் என் குறட்டையை நிறுத்தியது, முன்சீட்டு அம்மாவின் குரல்.

"எனக்கு வெட்டாத பட்டன் ஒண்ணு வேணுங்க தம்பி."

அந்த அம்மாவின் பக்கத்திலிருந்த இளைஞர், யார் வேண்டுமானாலும் போய் வேலை செய்யும் பொதுப் பட்டறையில், மரம் துணியெல்லாம் வெட்டும் லேசர் மெஷினுக்கு மென்பொருள் எழுதுகிறவர் என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

"யாரும் கொழம்பக் கூடாதுன்னுதானுங்கக்கா எல்லாத்தையும் எடுத்துட்டு ஒரே பட்டன் வெச்சேன். மரமா, துணியான்னு திரையில தொட்டுட்டு அமுத்துனா வெட்டிரும்."

"அதாங்க பயம். இருக்கறது ஒரே பலகை. மொதல்ல செவப்பு வெளிச்சம் மட்டும் எழுத்தச் சுத்தி ஓடிக் காட்டட்டும். சரியா இருந்தா வெட்டிக்கறேன்."

"அது எதுக்குன்னு நாந்தான் எடுத்துப்போட்டேன்," என்று சிரித்தார் அவர்.

"லாரிய வித்ததுல இருந்து எங்கூட்டுக்காரரு சரியாச் சோறு திங்கறதில்லைங்க. லாரி நெத்தியில பாப்பா பேரு எழுதியிருந்த பலகை இது. வாங்குனவங்க பாடி மாத்தறப்ப, அவருக்குத் தெரியாம கேட்டு வாங்கியாந்தேன். பேர மட்டும் வெட்டி ஊட்டு வாசல்ல மாட்டோணும்."

இளைஞரின் சிரிப்பு அடங்கியது.

"நாளைக்கு வாங்கக்கா. அந்தப் பட்டன் இருக்கும்."

துண்டில் சுற்றிய பலகையை அணைத்துக்கொண்டு அந்த அம்மா இறங்க எழுந்தார். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அந்தப் பேர ஒருக்கா காட்டுங்களேன்."

"அவருதான் மொதல்ல பாக்கோணுங்க."