நூற்றுப் பதினான்கு என்று எழுதியவர்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் தலைமையாசிரியர் கன்னியப்பன் அவர்களே, ஜகபர் அலி சாரின் மகள் சாகிராவே, கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் செஞ்சிக் கடைவீதி வியாபாரிகளே, மேல்சித்தாமூரிலிருந்தும் தளவானூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் பழைய மாணவர்களே, வணக்கம்.

இத்தனை பேரா? மேடையேறியதும் எனக்கு முதலில் துக்கம் வரவில்லை. நான் போனால் இதில் பாதிக் கூட்டம் வருமா என்றுதான் தோன்றியது. பதினெட்டு ஆண்டுகள் ஒரே ஆய்வுக்கூடத்தில் அவரோடு வேதியியல் நடத்திய இளையபெருமாள் சொல்கிறேன். எனக்கு அவர்மேல் பொறாமை. இன்றைக்கும் பொறாமை.

எப்படிப்பட்ட ஆசிரியர் நம் ஜகபர் அலி சார்! ஒரு மூலக்கூறைத் தராசில் வைக்க முடியாது. பிறகு அதன் நிறை என்றால் என்ன? நான் புத்தகத்தை வரி பிசகாமல் சொல்வேன். பையன்கள் கொட்டாவி விடுவார்கள். அவரோ, "ஒரு கார்பன்-12 அணுவ பன்னெண்டு சம பங்கா போடு. அதுல ஒரு பங்கு மாதிரி எத்தினி சேர்ந்தா இந்த மூலக்கூறு வரும்? அவ்ளோதாண்டா அதோட நிறை" என்பார். கடைசி பெஞ்சுக்கும் புரிந்துவிடும். என் வகுப்புப் பையன்கள் அவர் ஜன்னலில் போய் நிற்பார்கள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

குளோரோஃபார்மை எடைபோட்டு, ஆவியாக்கி, அது வெளியே தள்ளும் காற்றைத் தண்ணீருக்குமேல் ஒரு குழாயில் பிடித்து அளந்தால் அதன் மூலக்கூறு நிறையைக் கண்டுபிடிக்கலாம். புத்தகத்தில் இருப்பது நூற்றுப் பத்தொன்பதரை. அவருக்கு வந்தது நூற்றுப் பதினான்கு. வந்ததையே கரும்பலகையில் எழுதினார்.

எனக்கும் நூற்றுப் பதினான்குதான் வந்தது. நான் என்ன செய்தேன்? விடையை முதலில் எழுதிக்கொண்டு, அதற்கு ஏற்ற அளவுகளைப் பின்னால் எழுதினேன். எண்பத்து மூன்றாம் வருடம் இருவரும் இந்தச் சோதனையோடு கடலூர் அறிவியல் கண்காட்சிக்குப் போனோம். முதல் பரிசு எனக்கு. அந்தச் சான்றிதழ்தான் நம் ஆய்வுக்கூடச் சுவரில் தொங்குகிறது. அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்கு அதுவே பெரிய பரிசாக இருந்தது.

மறுநாள் என்னிடம் வந்தார். "சார், இன்னா பண்ணீங்க? எனக்கு மட்டும் கம்மியாவே வருது. சொல்லிக் குடுங்க சார்."

"எல்லாம் கைப்பழக்கம்தான்" என்றேன்.

மூன்று வருடம் விடாமல் செய்து பார்த்தார். போன மாதம் ஒருநாள் மூச்சிரைக்க ஓடிவந்தார். "சார், குழாய்ல காத்து மட்டும் இல்ல, தண்ணியோட ஆவியும் இருக்குது. நம்ம ஊரு வெயிலுக்கு அது ஜாஸ்தி. அதோட அழுத்தத்த கழிக்காம வுட்டுட்டேன். கழிச்சா நூத்தி பத்தொம்பது வந்துடுது. நீங்க அன்னிக்கே கழிச்சிட்டீங்க, இல்ல?"

நான் தலையாட்டினேன். ஆமாம், ஆட்டினேன்.

அடுத்த வாரமே மாரடைப்பில் போய்விட்டார். இன்று காலை சாகிரா அவருடைய சோதனை நோட்டைக் கொண்டுவந்து, "அத்தா உங்க பேர எழுதி வச்சிருக்காங்க சார்" என்று கொடுத்தாள். கடைசிப் பக்கத்தில் இருப்பதைப் படிக்கிறேன்: "கருவி பழையது, இவ்வளவுதான் வரும் என்று விட்டிருப்பேன். ஆனால் இதே கருவியில் இளையபெருமாள் சாருக்குச் சரியாக வந்தது. ஆகவே பிழை என்னுடையது. தேட வைத்த அவருக்கு நன்றி."

நன்றியாம்! என் பொய்யை நம்பி உண்மையைக் கண்டுபிடித்திருக்கிறார். இப்படிப்பட்ட மனிதர்மேல் பொறாமைப்படாமல் எப்படி இருப்பது?

அவருடைய பணியை யார் தொடர்வது என்று தலைமையாசிரியர் கேட்டார். நான் தொடர்கிறேன். திங்கட்கிழமை காலை சுவரிலிருந்து என் சான்றிதழைக் கழற்றுவேன். அதே ஆணியில் இந்த நோட்டை மாட்டுவேன். பிறகு மாணவர்கள் முன்னால் அந்தச் சோதனையைச் செய்வேன். அவர் கை அளவுக்கு என் கை சுத்தமில்லை. எனக்கு நூற்றுப் பதினாறு வரலாம், நூற்றுப் பத்தும் வரலாம். எது வந்தாலும் கரும்பலகையில் அதைத்தான் எழுதுவேன்.