கிளட்ச்சுக்கு ஒரு கை

ஹலோ... அண்ணியா?... நான் ரெய்னோ பேசறேன்... ரெய்னோ, அண்ணி. இல்போவோட தம்பி... ஆமா, ஆமா, அதே ரெய்னோதான்... இல்லை, யாரும் சாகலை... என் வீட்டுக்காரி ஹெல்வி நல்லாத்தான் இருக்கா. அண்ணன் இருக்காரா?... பேச மாட்டேங்கிறாரா... சரி. பதினோரு வருஷமாப் பேசலை, இன்னிக்கு மட்டும் என்னன்னு கேக்கிறாரு. நியாயம்தான். பழைய கதை பேசக் கூப்பிடலைன்னு சொல்லுங்க. டயரைப் பத்திக் கேக்கணும்... டயர் அண்ணி. வண்டி டயர்... சரி, இருக்கேன். கேளுங்க.

...

அண்ணே... ம்... நான்தான்... ம்... இங்கேயும் பனிதான். இருபத்திரண்டு டிகிரி மைனஸ்... ஆமா, காத்து இல்லை. அது ஒரு நல்லது.

ஒரு வண்டி வாங்கியிருக்கேன். பழசு... ஸ்போர்ட்ஸ் கார்... உனக்குச் சரியாத்தான் கேட்டுச்சு. ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட்டு. பின்சக்கரம் தள்ளுற வண்டி... சிவப்பு... எனக்கா? ஐம்பத்தேழு. வர்ற மார்ச்சுல ஐம்பத்தெட்டு... அதையேதான் ஹெல்வியும் கேட்டா.

ஓலு டவுன்ல ஒரு பல் டாக்டர்கிட்டே வாங்கினேன். கோடையில மட்டும் ஓட்டுவாராம். பனின்னா என்னன்னே தெரியாத வண்டி... கூரையா? கூரை வந்து... துணி... துணின்னுதான் சொன்னேன்... நீ சிரிக்கிறியா, இருமுறியா?... சரி, இருமு.

ஹெல்வியா? வயசைக் கேட்டதோட சரி. ரெண்டு நாள் வண்டி பக்கமே வரலை. மூணாம் நாள் ஏறி உக்காந்து பாத்தா. ஏறினது சரி, இறங்க முடியலை. நான் கையைப் பிடிச்சு இழுத்து வெளியே எடுத்தேன். அப்புறம் இன்னும் ரெண்டு நாள் வண்டி பக்கம் வரலை.

டயர் போட்டாச்சு. பனிக்கு ஆணி பதிச்சது... நாலும்தான். பின்னாடி மட்டும் போட நான் என்ன பைத்தியமா... அது வேற விஷயம். டிக்கியில ரெண்டு மணல் மூட்டை வச்சிருக்கேன்... நல்லா உள்ளே தள்ளி... இல்லை, பின்னாடி ஓரமா... ஓ. சக்கரத்துக்கு நேர் மேலயா?... ஓரத்துல வச்சா வால் சுத்துமா... ம். சுத்துச்சு. இன்னிக்குக் காலையில. ஒரு தடவைதான். ஆனா முழுசா சுத்துச்சு.

எஞ்சின் சூடாக்கி இல்லை அதுல. சாயங்காலம் கரண்டுல சொருகுற மாதிரி ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன், மாட்டணும்... பாட்டரி புதுசு... தண்ணியை இறக்கிட்டேன், உறையாத தண்ணி ஊத்தியிருக்கு... ஸ்பிரிங்குதான் பிரச்சனை. வயித்துக்கும் தரைக்கும் நடுவுல நாலு விரல்தான் இருக்கு. ஒரு முயல் படுத்திருந்தாக்கூட ஏறி நின்னுக்கும். கொஞ்சம் தூக்கணும்... ரெண்டு அங்குலமா? சரி. ரெண்டு.

இன்னொண்ணு இருக்கு. கிளட்ச்சைக் கைக்கு மாத்தணும்... கைக்கு. கியர்க் கம்புல ஒரு பிடி வச்சு, அதுல இருந்து ஒரு கம்பி இழுத்து... ஏன்னா இடது கால் இல்லை.

...

அண்ணே?... என் கால்தான்... முழங்காலுக்குக் கீழே... ஏப்ரல்ல. மரம் அறுக்கிற ஆலையில. கட்டியிருந்த சங்கிலி அறுந்து அடிமரம் கால் மேல உருண்டுச்சு... ஆறு வாரம் படுத்திருந்தேன்... யார் சொல்றது? நீ கூப்பிடலை, நான் கூப்பிடலை. ஹெல்வி கூப்பிடுறேன்னா, நான்தான் வேணாம்னேன்... ம்... ம்... திட்டு. பரவாயில்லை... அதுவும் சரிதான்... அதை மட்டும் சொல்லாதே, அம்மாவை இழுக்காதே... சரி, இழு.

கால் வச்சிருக்காங்க. நல்ல கால். நடக்குது, படி ஏறுது. கிளட்ச் எந்த இடத்துல பிடிக்குதுன்னு மட்டும் அதுக்குத் தெரியலை... ஆட்டோமேட்டிக்கா. நீயுமா? டாக்டர் சொன்னாரு. பயிற்சி கொடுக்கிற பொண்ணு சொல்லிச்சு. பக்கத்து வீட்டுக்காரரு ஒரு வண்டியையே கொண்டாந்து வாசல்ல நிறுத்தினாரு. சாம்பல் கலர். நல்ல வண்டிதான், குறை சொல்ல முடியாது. ஏறி உக்காந்தேன். கதவைச் சாத்தினதும் எனக்கே நான் செத்துப்போன மாதிரி இருந்துச்சு. இறங்கி நன்றி சொல்லிட்டேன்.

எங்க ஊரு கெமியார்வியில இருக்கிற பட்டறைக்காரன் தொட மாட்டேங்கிறான். சோதனையில தேறாதுங்கிறான். நீ பத்த வச்சா தேறும். உன் வெல்டிங்கைப் பாத்தவன் ரெண்டாம் தடவை குனிஞ்சு பாக்க மாட்டான்... முகஸ்துதி இல்லை. அவனே சொன்னான், போசியோவுல இல்போன்னு ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்டே போன்னு. தெரியும்னு சொன்னேன்.

அடுத்த வாரமா... இன்னிக்கு முடியாதா?... வண்டி எங்கேயா... பக்கத்துலதான்... ரொம்பப் பக்கம். தபால் பெட்டி வரிசையா நிக்குமே, உன் ரோடு திரும்புற இடம்... அங்கே. பனி மேட்டுல மூக்கு மாட்டிக்கிச்சு.

நான்தான் ஓட்டினேன்... தனியாத்தான்... பனிச்சறுக்குக் கம்பு ஒண்ணு இருந்துச்சு. அதை இடது கையில பிடிச்சு கிளட்ச்சை அமுக்கினேன். வலது கையில கியர்... ஸ்டியரிங்கா? தொடையால... ஆமா, எண்பது கிலோமீட்டரும்... நாலாவது கியர்ல போட்டுட்டா மாத்த வேண்டியதே இல்லை. நடுவுல மூணு கலைமான் ரோட்டுல நின்னுச்சு. அங்கே ஆஃப் ஆயிடுச்சு. அதுங்களும் பாத்துச்சு, நானும் பாத்தேன். யாருக்கும் அவசரமில்லை... தப்புதான். போலீஸ் பாத்திருந்தா உரிமத்தைப் பிடுங்கியிருப்பாங்க... பிடுங்கணும்தான்... இனிமே செய்ய மாட்டேன்.

முக்கால் மணி நேரமா நிக்கிறேன். கூப்பிடலாமா வேணாமான்னு... குளிருதுதான். இரு, இரு. கிளம்பாதே. வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேளு. நேர்ல சொல்ல வராது எனக்கு.

உறைஞ்ச ஏரி மேல நடந்த அந்தக் கார்ப் பந்தயம்... ஆமா, பழைய கதை பேச மாட்டேன்னேன். பொய் சொன்னேன்.

பாதையைச் சுத்திப் பன்னண்டு இடத்துல துளை போட்டு ஐஸ் எவ்வளவு கனம்னு பாக்கணும். என் வேலை அது. நான் பதினொண்ணுதான் போட்டேன். கரை முனைக்குப் பக்கத்துல, ஓடை வந்து சேர்ற இடத்துல போடலை... கை மரத்துப்போச்சு. கரையில காபி வச்சிருந்தாங்க. மத்த பதினொண்ணுலயும் நாற்பது சென்டி இருந்துச்சு. அங்கேயும் நாற்பதுன்னு எழுதிட்டேன். ஓடைத் தண்ணியில ஐஸ் மெலிஞ்சிருந்த அந்த இடத்துலதான் உன் வண்டி உள்ளே போச்சு.

நீ கேட்டே. ஈரத்தோட நின்னுக்கிட்டு கேட்டே, துளை போட்டியான்னு. போட்டேன்னு சொன்னேன். கிளப்புக்காரங்க கேட்டப்பவும் அதையே சொன்னேன். அதனாலதான் நீ பாதையோட எல்லைக் கொடியைத் தாண்டிப் போயிட்டேன்னு எழுதி, உன்னைப் பந்தயத்தை விட்டே தூக்கினாங்க. நீ தாண்டலை. எனக்கு அன்னிக்கே தெரியும்.

கேக்குதா?...

ஆலையில அந்தச் சங்கிலி இருக்குல்ல. ஆஸ்பத்திரிக்கு அறிக்கையைக் கொண்டாந்து காட்டினாங்க. சங்கிலியைச் சோதிச்சாச்சுன்னு எழுதியிருந்துச்சு, முந்தின நாள் தேதி போட்டு. எவனும் சோதிக்கலை. ஒருத்தன் உக்காந்த இடத்துல எழுதியிருக்கான். கையெழுத்து அழகா இருந்துச்சு. எனக்கு அவன் மேல கோபமே வரலை அண்ணே. அதுதான் தாங்க முடியலை.

கிளப்புக்கு எல்லாத்தையும் எழுதி, பேரு போட்டு அனுப்பிட்டேன். வெள்ளிக்கிழமையே தபால்ல போயிடுச்சு. நீ என்னை மன்னிக்கணும்னு சொல்லலை. கிளட்ச்சும் வேணாம். வண்டியை மட்டும் ரோட்டுக்கு இழுத்து விட்டுடு. ஹெல்வியை வரச் சொல்லி...

அண்ணே?... ஹலோ... இருக்கியா... ஹலோ...

அண்ணியா. அண்ணன் எங்கே?... போனை மேசையில வச்சுட்டு... ஒண்ணுமே சொல்லாமயா?... கோட்டுகூடப் போடலையா... கையில ஏதாவது எடுத்துட்டுப் போனாரா?... மண்வெட்டியா. எந்த மண்வெட்டி?... பெரிசா... இல்லை, சும்மா கேட்டேன்.

ஆங், தெரியறாரு. நடந்துதான் வர்றாரு... நேரா என்னைப் பாத்துத்தான் வர்றாரு. வேகமா வர்றாரு அண்ணி... நின்னுட்டாரு. வண்டியைப் பாக்கிறாரு... சுத்தி வர்றாரு. குனிஞ்சு அடியில பாக்கிறாரு. தலையை ஆட்டுறாரு... நல்லதுக்கா கெட்டதுக்கான்னு இங்கேயிருந்து தெரியலை.

தோண்டுறாரு... ஆமா அண்ணி. தோண்டுறாரு... நான் இறங்கலை. இறங்கி ஒத்தாசை பண்ண, பனியில இந்தக் கால்ல... இல்லை, அழலை. மூக்கு ஒழுகுது, குளிருல... நீங்களும் அழாதீங்க.

முன்சக்கரம் வெளியே வந்துடுச்சு... மண்வெட்டியைக் கீழே போட்டுட்டாரு. என் பக்கம் வர்றாரு. கண்ணாடியைத் தட்டுறாரு... இறக்கத்தான் பாக்கிறேன், உறைஞ்சுபோய் இறங்க மாட்டேங்குது... வாயைத் திறந்து என்னமோ சொல்றாரு. கேக்கலை. என்ன அண்ணே?... பக்கத்து சீட்டைக் காட்டுறாரு...

தள்ளி உக்காரணுமாம் அண்ணி. வச்சிடறேன்.