ஐந்தாவது உருப்படி

உப்புத்தாளை எப்போதும் மரத்தின் ரேகை ஓடுகிற திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும். அந்தக் கீறல் வார்னிஷ் அடித்த பிறகுதான் பல்லைக் காட்டும். இதை மறந்து ஒரு குட்டி மேஜையைப் பாழாக்கினேன். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு இன்றைக்கும் குற்ற உணர்ச்சி உண்டு.

அக்கா, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் உங்கள் அப்பாவின் நோட்டுப்புத்தகத்தோடு என் வீட்டுப் படியேறி வந்தீர்கள். "எழுதிக் குடுங்க. எழுத்துல பார்த்தாத்தான் அப்பா நம்புவார்" என்று சொன்னீர்கள். வாஸ்தவம். முப்பத்துநான்கு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த மனிதரிடம் வாய்ப்பேச்சு எடுபடாது. இன்று செவ்வாய்க்கிழமை, கடை விடுமுறை, உட்கார்ந்து எழுதுகிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் உங்களுக்குப் புரியும்.

உங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டு மாடிக்கு நாங்கள் குடிவந்தபோது, எங்கள் படுக்கையறைச் சுவர் இருமல் மருந்து நிறத்தில் இருந்தது. வீட்டுக்காரர் சாவியைக் கொடுக்கும்போது, "ஆணி அடிக்கக் கூடாது, பெயின்ட் மாத்தக் கூடாது, மத்தபடி உங்க சொந்த வீடு மாதிரி நினைச்சுக்கோங்க" என்றார். என் மனைவி அறை நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தாள். "என்னங்க, இந்த ரூம்ல படுத்தோம்னா யாராவது பழம் வாங்கிட்டுப் பார்க்க வந்துடுவாங்க" என்றாள்.

சுவரைத் தொடக் கூடாது என்றால் சுவரை மறைக்கலாம். நான் செருப்புக்கடையில் விற்பனையாளன். பதினான்கு வருஷமாக ஊராருடைய காலடியில் உட்கார்ந்து சம்பாதிக்கிறவன். புதுச் சாமான் வாங்க எனக்குக் கட்டுப்படியாகாது. தெருக்கோடியில் இருக்கும் பழைய சாமான் கடைக்குப் போனேன். அங்கே ஒரு தேக்குக் கட்டில், தலைமாட்டில் ஐந்து இதழ் வைத்த பூ செதுக்கியது. உங்கள் அம்மா தவறி, உங்கள் தம்பி அவர் அறைச் சாமான்களை அங்கே விற்றுக்கொண்டிருந்த சமயம் அது. மூன்று ஜோடி தோல் செருப்பு விலைக்குக் கட்டில் கிடைத்தது.

மொட்டை மாடியில் போட்டுப் பழைய வார்னிஷைச் சுரண்டினேன். எண்பதாம் நம்பர் தாள், பிறகு நூற்றிருபது, பிறகு இருநூற்றிருபது. ஓட்டைகளை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தேன். அந்தக் கறுத்த மரத்துக்கடியில் தேன் நிறம் ஒளிந்திருந்தது. என் மனைவி கைதட்டினாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவள் எனக்குக் கைதட்டியது அன்றைக்குத்தான்.

பிறகு அலமாரி வந்தது, நிலைக்கண்ணாடி வைத்த மேஜை வந்தது, கட்டிலோரத்துக் குட்டி மேஜை வந்தது. எல்லாவற்றிலும் அதே ஐந்திதழ்ப் பூ. குட்டி மேஜையைத்தான் குறுக்கே தேய்த்தேன், முன்பே சொன்னேன். அதைக் கட்டிக்கொண்டு போகும்போது பழைய சாமான் கடைக்காரர் சும்மா இருக்காமல் ஒரு வார்த்தை சொன்னார். "இது அஞ்சு உருப்படி செட்டு சார். ஒரே மரம், ஒரே ஆசாரி. நாலு உங்ககிட்ட வந்தாச்சு. அஞ்சாவது, நாற்காலி, உங்க எதிர்வீட்டு வராந்தாவுல கிடக்கு. அது வராது. அதுமேல ஆள் உட்கார்ந்திருக்கார்."

செருப்புக்கடையில் வேலை பார்ப்பவனிடம் இப்படியெல்லாம் சொல்லக் கூடாது. ஒற்றைச் செருப்பு என்பது சரக்கே இல்லை. ஒரு கால் காணாமல் போனால் எங்கள் கடையில் பரணிலிருந்து குப்பைத்தொட்டி வரை தேடுவோம். அன்று படுத்தவன் கண்ணை மூடினால் அந்த நாற்காலிதான் கண்ணுக்குள் நின்றது.

எடுத்த எடுப்பில் நான் எதுவும் செய்துவிடவில்லை. முறைப்படி கேட்டேன். மெத்தை வைத்த புது நாற்காலி ஒன்று வாங்கித் தருகிறேன், இதைக் கொடுங்கள் சார் என்றேன். உங்கள் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பால்காரன் மூணு நிமிஷம் லேட்டு" என்றார். பிறகுதான் எனக்குப் பதில் சொன்னார். "தம்பி, இது என் சம்சாரத்தோட இந்த வீட்டுக்கு வந்த செட்டு. பையன் எல்லாத்தையும் வித்துட்டான். நானும் இதுவும்தான் மிச்சம். போனா ரெண்டு பேரும் சேர்ந்தே போறோம்."

எப்போது என்று கேட்பது மரியாதை இல்லை. ஆனால் அவருக்கு உடம்பு கல்லுமாதிரி இருந்தது. காலையில் ஐந்தரைக்கு அவர் விறுவிறுவென்று நடைப்பயிற்சி போவதை மாடியிலிருந்து பார்ப்பேன். எனக்கு மனசே விட்டுப்போகும்.

முதல் சம்பவம் தற்செயல், அதை நீங்கள் நம்ப வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் தருகிறேன் என்று வாங்கி, மறந்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். திருப்பிக் கொடுக்கப் போனால் வீடே தலைகீழாகக் கிடக்கிறது. உங்கள் தம்பி, "அப்பா, உங்களுக்கு வயசாயிடுச்சு, ஒத்துக்கோங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தால் எனக்கு அசிங்கம். தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டு வந்தேன். பத்து நிமிஷத்தில் உங்கள் தம்பி மனைவி கண்டுபிடித்தார். கண்ணாடி ஜில்லென்று இருந்தது. உங்கள் அப்பா அதை மூக்கில் மாட்டாமல் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நாற்காலி எம்மாத்திரம்? அதற்கடுத்த செவ்வாய் அவர் முகம் கழுவப் போனபோது கைக்கடிகாரத்தை இருபது நிமிஷம் முன்னால் தள்ளி வைத்தேன். அன்று பால்காரருக்கும் அவருக்கும் பெரிய சண்டை. பாவம், பால்காரர் சரியான நேரத்துக்குத்தான் வந்திருந்தார். அதற்கடுத்த வாரம் பால் பாக்கெட்டைச் செருப்பு அலமாரியில் வைத்தேன். செருப்பு அலமாரியில் எங்கே வைத்தால் கண்ணில் படும், எங்கே வைத்தால் மூக்குக்கு மட்டும் தெரியும் என்பது என் தொழில் ரகசியம். பிறகு ஒரு வாரம் முதல்நாள் செய்தித்தாளை மடித்துப் புதுசு மாதிரி வைத்தேன். முழுக்கப் படித்துவிட்டு, "எல்லாம் எங்கேயோ படிச்ச மாதிரி இருக்கு தம்பி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன், பெரியவர் முன்னால் சிரிப்பது நாகரிகம் இல்லை.

அடுப்பு விஷயத்தை நீங்கள் மிகைப்படுத்துகிறீர்கள். கேஸைத் திறந்து மட்டும் விட்டிருந்தால் ஆபத்து. நான் பற்றவைத்து, வெறும் பால் பாத்திரத்தை மேலே வைத்தேன். உங்கள் தம்பி மனைவி வேலையிலிருந்து வர இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருக்கிறது என்று கணக்குப் பார்த்துத்தான் வைத்தேன். அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் நான் வராந்தாவில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஏதாவது ஆகியிருந்தால் முதலில் ஓடியிருப்பவன் நான்தான். பாத்திரம் கறுத்தது, அவ்வளவுதான்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல அந்த வாரமே உங்கள் தம்பி செருப்பு வாங்க எங்கள் கடைக்கு வந்தார். அளவு பார்த்துக்கொண்டிருக்கும்போது, "அப்பாவைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார். நான் கெட்டதாக எதுவும் சொல்லவில்லை. "எங்க பெரியப்பாவுக்கும் இப்படித்தான் சார் ஆரம்பிச்சது" என்றேன். எனக்குப் பெரியப்பா கிடையாது. எங்கள் அப்பாதான் வீட்டுக்கு மூத்தவர். அது ஒரு பொய், அதை ஒப்புக்கொள்கிறேன்.

முதியோர் இல்லத்துக்கு அவரை நான் அனுப்பவில்லை, உங்கள் தம்பியும் அனுப்பவில்லை. அவரேதான் முடிவெடுத்தார். உங்கள் தம்பியைக் கூப்பிட்டு நிற்கவைத்து, என் முன்னால்தான் சொன்னார். "சிக்னலைப் பார்க்காம வண்டியை விட்டவன், மேலதிகாரி சொல்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. தானா நாற்காலியை விட்டு எழுந்திரிக்கணும். வீட்டுல ரெண்டு பேர் தூங்குறாங்க. என்னால ஒண்ணு ஆச்சுன்னா?" உங்கள் தம்பி அழுதார். எனக்கு நாற்காலி என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் சரியாகக் காதில் விழவில்லை.

அவர் போன மறுநாள் உங்கள் தம்பியே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "எங்களைவிட நீங்கதான் அப்பாகூட உட்கார்ந்து பேசினீங்க. நீங்களே வச்சுக்கோங்க" என்றார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. காசு கொடுத்து வாங்கவே நான் தயாராக இருந்தேன் தெரியுமா?

அதைத் தேய்ப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. வலது கைப்பிடியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பள்ளம். நாற்பது வருஷம் அவர் அங்கேயே விரலை வைத்து வைத்து வழித்திருக்கிறார். எண்பதாம் நம்பர் தாளில் மூன்று மணி நேரம் தேய்த்தும் போகவில்லை. கடைசியில் மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தேன். இப்போது தடவிப் பார்த்தால் தெரியாது.

ஒரு மாதம் கழித்து அவரைப் பார்க்கவும் போனேன். பிஸ்கட் வாங்கிக்கொண்டு போனேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் கடிகாரம் இல்லை; அதை நம்ப முடியவில்லை என்று கழற்றிவிட்டாராம். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பக்கத்துல இருந்ததால தப்பிச்சோம் தம்பி. இல்லன்னா வீட்டையே கொளுத்தியிருப்பேன்" என்றார். பிஸ்கட் பாக்கெட்டை நானே பிரித்துக் கொடுத்தேன். என்னைப் புரிந்துகொண்டு பேசியவர் அவர் ஒருவர்தான்.

நீங்கள் வெளியூரிலிருந்து வந்து அவரை வீட்டுக்குக் கூப்பிட்டீர்கள். மாட்டேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டாராம். காரணம் கேட்டதற்கு நோட்டுப்புத்தகத்தை நீட்டியிருக்கிறார். தன் மறதியை எல்லாம் தேதி, கிழமை, நேரம் போட்டு எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் 'பொறுப்பு: நான்' என்று கையெழுத்தும் போட்டு வைத்திருப்பார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. எல்லாம் செவ்வாய்க்கிழமை என்பதை அவரும் கவனிக்கவில்லை, உங்கள் தம்பியும் கவனிக்கவில்லை. நீங்கள் கவனித்தீர்கள். பிறகு எங்கள் கடைக்கு வந்து எந்தக் கிழமை விடுமுறை என்று விசாரித்தீர்கள். எங்கள் முதலாளி மற்ற கடைக்காரர்களைப் போல விடுமுறையை மாற்றி மாற்றிக் கொடுத்திருந்தால் இந்தச் சங்கடமே வந்திருக்காது.

சரி, அவருக்குக் காட்ட வேண்டிய பகுதி இதுதான். சார், கண்ணாடி, கடிகாரம், பால், செய்தித்தாள், அடுப்பு, ஐந்தும் நான் செய்தவை. நீங்கள் எதையும் மறக்கவில்லை. பால் பாத்திரம் அடுப்பேறியது மாலை 5.42 என்று எழுதியிருக்கிறீர்கள். 5.40. மருமகள் வந்த நேரத்தை வைத்து உத்தேசமாகக் கணக்குப் போட்டதில் இரண்டு நிமிஷம் பிசகிவிட்டது. உங்கள் நோட்டில் இருக்கும் பிழை அது ஒன்றுதான். 'பொறுப்பு' என்ற இடத்தில் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

இதைக் காட்டி அவரைத் தாராளமாக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள் அக்கா. எனக்கு ஆட்சேபணையே இல்லை. போலீசுக்குப் போவதானாலும் போங்கள், செவ்வாய்க்கிழமை என்றால் எனக்கு வசதி.

ஆனால் நாற்காலியையும் கேட்டீர்கள். அதில்தான் எனக்கு மனத்தாங்கல். அதில் நாங்கள் உட்காருவதுகூட இல்லையே என்று ஞாயிற்றுக்கிழமை குத்திக்காட்டினீர்கள். உண்மைதான். முதுகில் அந்தப் பூ குத்துகிறது. உங்கள் அப்பா ஒரு துண்டை நாலாக மடித்து முதுகுக்குக் கொடுத்திருந்தது எதற்கு என்று இப்போதுதான் புரிகிறது. என் மனைவி முதல்நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து, கொடியிலிருந்து எடுத்த துணியை அதில் போட்டாள். அன்றிலிருந்து அதில் துணிதான் கிடக்கிறது. மடித்து வைக்க எங்கள் இருவருக்கும் நேரமில்லை. நீங்கள் வந்தபோது உங்கள் அப்பாவின் நாற்காலி எது என்று தெரியாமல் தேடினீர்களே, அந்தத் துணிக்குவியலுக்கு அடியில்தான் இருந்தது.

அவருக்கு நல்ல பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று நானே வாங்கித் தருகிறேன், கைப்பிடி வைத்தது. இதை மட்டும் கேட்காதீர்கள். ஐந்து உருப்படியும் எத்தனையோ வருஷம் ஒரே வீட்டில் ஒன்றாக இருந்தவை. அவற்றைப் பிரிக்கிற பாவத்தை என்னால் செய்ய முடியாது.