ஆனி தேடுத பொம்பள

இங்கன உக்காரும்மா. அந்தச் சேரு கால் ஆடும். ஆமா, போன தடவ நீ வந்தப்பவும் பூட்டித்தான் கெடந்துச்சு. அதுக்கு முந்தியும் பூட்டித்தான். நான் உள்ளதான் இருந்தேன். வாசல்ல பூட்டப் போட்டுட்டு, கொல்ல வழியா வந்து குசினியில உக்காந்திருந்தேன். நீ கதவத் தட்டுத சத்தம் கேக்குது, நான் உள்ள மூச்சு விடாம இருக்கேன். இந்த வயசுல செய்யுத வேலையா இது?

பேரு என்ன சொன்ன? ஐஸ்வர்யா. விளாத்திகுளமா, நல்லது. நீன்னே பேசுதேன், தப்பா எடுத்துக்காத. ரத்தம் எடுக்குத பையப் பொறவு பிரிக்கலாம், கை எங்க ஓடிரப் போவுது. மொதல்ல காப்பியக் குடி, உடன்குடிக் கருப்பட்டி போட்டது.

உன்ன அனுப்புனது ஆனி மேடம்தான? அவ என் தங்கச்சி. பாத்தியா, சொல்லிருக்க மாட்டா. ஆபீசு வேற வீடு வேறன்னு இருக்கவ அவ. எங்க அப்பா சங்கு குளிக்கப் போனவிய. நாங்க ரெண்டு பொட்டப்பிள்ளைய. நான் பிளஸ் டூவோட நின்னுட்டேன், அவ மெட்ராஸ் வரைக்கும் போய்ப் படிச்சா. அங்கனயே இந்த வேல கெடச்சுது. துறைமுகத்துல வந்து எறங்குத பொடி, ஆசிடு, மருந்து, இதெல்லாம் மனுசனுக்கு எவ்வளவு கெடுதல்னு கணக்குப் பாத்து அரசாங்கத்துக்குச் சொல்லுத வேல. உனக்குத் தெரியாததா. ஆனா நீ இப்பத்தான சேந்திருக்க, முன்ன எப்படிக் கணக்குப் போட்டாவன்னு உனக்குத் தெரிஞ்சிருக்காது.

முன்ன அந்தக் கணக்குல ஒரே ஒரு மனுசன்தான் உண்டு. அறுபது கிலோ ஆம்பள. எட்டு மணி நேரம் வேல. மூஞ்சியில மாஸ்க். வேல முடிஞ்சு கேட்டத் தாண்டுனான்னா கணக்கும் அங்கனயே முடிஞ்சிரும். அவனுக்கு வீடு கெடையாது, பெண்டாட்டி கெடையாது, அழுக்குத் துணி கெடையாது. நான் சொல்லல, ஆனிதான் சொன்னா. இந்தா, இப்படித்தான் எங்கிட்ட ஒரு நாள் சொல்லி அழுதா.

எங்க வீட்டுக்காரவிய பேரு ஃபிராங்க்ளின். துறைமுகத்து யார்டுல லோடர் ஓட்டுதாவ. ஈயத்தாதுன்னு ஒண்ணு வரும், சாம்பக் கணக்கா இருக்கும். கப்பல்ல இருந்து எறக்கி, குமிச்சு, லாரியில ஏத்தணும். சாயங்காலம் வரும்போது சட்ட, பேண்ட்டு, இமை மயிரு எல்லாம் சாம்பக் கலரு. ஆனிக்கு அந்த வேல பிடிக்காது. போன்ல வந்தாலே, அக்கா, அத்தான வேற வேல பாக்கச் சொல்லும்பா. வேற வேல என்ன இவ பைக்குள்ளயா இருக்கு? அதனால நானும் வீட்டுச் சங்கதி எதையும் அவகிட்ட ரொம்பச் சொல்லிக்கிட மாட்டேன். அந்த வீம்புதான் எல்லாத்துக்கும் காரணம்னு இப்பத் தோணுது.

சரி, கேளு. இந்த யார்டு ஆள்களுக்கு ஈயம் எவ்வளவு ஏறிருக்குன்னு பாக்க மொத மொத ரத்தம் எடுத்தாவல்லா, அந்தக் கணக்கு ஆனி கைக்குத்தான் வந்துச்சு. ரத்தம் எடுக்குதவிய வேற கம்பெனி, இவ மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் முன்னால. பேரு வராது, நம்பருதான் வரும். யார்டுல வேல செய்யாதவிய ரத்தம் எப்படி இருக்குன்னு ஒத்துப் பாக்கதுக்கு யார்டுக்குப் பக்கத்துத் தெருவுல பொம்பளையள்ட்டயும் எடுத்திருந்தாவ. பொம்பளையள்ல எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமா இருக்கு, ஒருத்திக்கு மட்டும் அம்பத்தெட்டுன்னு நிக்கி. யார்டுல மண்வெட்டி பிடிக்குதவனுக்கே அவ்வளவு இல்ல.

ஊசியில தூசி பட்டிருக்கும்னு நெனச்சு, திரும்ப எடுத்து அனுப்பச் சொன்னா. திரும்பவும் அதேதான் வந்துச்சு. அவளுக்கு மேல சுந்தரராஜ் சார்னு ஒருத்தரு. கெட்ட மனுசர்னு சொல்ல மாட்டேன், ஆனிய வேலைக்கு எடுத்ததே அவருதான். அவரு சொன்னாராம், வீட்டுல இருக்க பொம்பளைக்கு இது எப்படிம்மா வரும், ஏதாவது லேகியத்த கீகியத்தத் தின்னுருப்பா, ஒரு நம்பரால மொத்தக் கணக்கும் கெட்டுப் போவுது, அத எடுத்துருன்னு.

எடுத்துட்டா. அவருல்ல, ஆனிதான். அவ கையாலதான் எடுத்தா. சார் மேல பழியப் போட்டுட்டுத் தூங்கிருக்கலாம்லா? அவளால முடியல. எதுத்து ஒரு வார்த்த கேக்கலியேக்கா, சாப்பாட்டு நேரமாச்சுன்னு எந்திச்சுப் போயிட்டேனேக்கான்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லுதா.

அந்தப் பொம்பளைகிட்டயா? ஒண்ணும் சொல்லல. ஆள் ஆளுக்கு ரிசல்ட்டு சொல்லுத வழக்கமே அப்ப கெடையாது. ஆபத்து கம்மின்னு ரிப்போர்ட்டு போச்சு. யார்டு பாட்டுக்கு யார்டு நடந்துச்சு.

அதுக்கு அடுத்த வருசம் நான் உண்டானேன். கல்யாணமாயி ரொம்ப நாள் ஒண்ணும் தங்காம இருந்து, நேர்ச்ச வச்சு, பனிமய மாதா தேருக்கு வெறுங்காலோட நடந்து, பொறவு தங்குனது. ஆறாம் மாசம் வயித்துலயே அசையாமப் போயிட்டு. ஆம்பளப் பிள்ள. எங்க வீட்டுக்காரவியதான் துணியில சுத்தி ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டுக் கல்லறைக்குப் போனாவ. நான் பாக்கல. ஆனிதான் கூடப் போனா.

இல்லம்மா, நீ ஏன் கண்ணக் கசக்குத? அதெல்லாம் ஆயிட்டு. காப்பி ஆறுது பாரு.

அப்ப லீவு போட்டுட்டு எங்கூட இருந்தா. நான் எந்திச்சு நிக்க முடியாமக் கெடந்தேன். இவ சோறு பொங்குதா, வீடு பெருக்குதா. எங்க வீட்டுக்காரவிய யார்டுத் துணிய நான் கெடந்த நாள்ல யாரும் தொடல, கொல்லையில குமிஞ்சு கெடக்கு. ஒரு நாள் காலையில அத அள்ளிப் போட்டுத் தொவைக்க உக்காந்தா. வழக்கமா நான் செய்யுத மாதிரிதான், மொதல்ல சுவத்துல ரெண்டு அடி அடிச்சுத் தூசியப் போக்கிட்டு, பொறவு வாளியில ஊறப் போட்டுக் கையால கசக்கணும். அடிக்குத சத்தம் கேட்டுச்சு. அப்புறம் சத்தத்தக் காணோம். ஏளா ஆனின்னு கூப்பிட்டேன். சுவத்தப் பிடிச்சுப் பிடிச்சுப் போய்ப் பாத்தா, வாளிக்கு முன்னால குத்த வச்சு உக்காந்திருக்கா. தண்ணி கருப்பா நிக்கி. இவ முழங்கை வரைக்கும் சாம்பலு. மூக்கு, உதடு எல்லாம் சாம்பலு. என்னயப் பாத்து, அக்கா, நீ தெனமும் இத வெறுங்கையாலயா தொவைக்கன்னு கேட்டா. பின்ன மிசினா இருக்கு, கையாலதான் தொவைக்கணும்னேன்.

அங்கனயே ஒடஞ்சு போயிட்டா. அப்பத்தான் எங்கிட்ட இவ்வளவும் சொன்னா. அறுபது கிலோ ஆம்பள, அம்பத்தெட்டு, எடுத்துருன்னு சொன்னது, எல்லாத்தையும். அவ லேகியம் திங்கலக்கா, அவ தொவச்சுருக்கா, புருசன் துணியத் தொவச்சுருக்கான்னு சொல்லிச் சொல்லி நெஞ்சுல அடிச்சுக்கிட்டா. அவ யாரோ, எந்தத் தெருவோ, இருக்காளோ செத்தாளோன்னு அழுதா. நான் வந்து கட்டில்ல சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டேன். நான் பிள்ளைய நெனச்சு அழுதேன்னு அவ நெனச்சிருப்பா.

அந்த வாளித் தண்ணிய பாட்டில்ல புடிச்சுக்கிட்டுப் போனவதான். ஆபீசுல போய்ச் சண்ட. வீட்டுல இருக்கவியளையும் கணக்குல சேக்கணும், ஒருத்தருக்குக் கூடுதலா இருந்தா தூக்கிப் போடக் கூடாது, தேடிப் போய்ப் பாக்கணும், அவிய ரிசல்ட்ட அவியகிட்டயே சொல்லணும்னு. லேசுல ஒத்துக்கிடல. தன் கணக்கே தப்புன்னு இவளே எழுந்து சொன்னா யாருக்குப் பிடிக்கும்? பதவி ஒசர வேண்டியது நின்னு போச்சு. சுந்தரராஜ் சார் ரொம்ப நாள் பேசல. கடைசியில அவரே வந்து அவளுக்காகக் கையெழுத்துப் போட்டாருன்னு சொன்னா. அப்படித்தான் இப்ப உன்னய மாதிரிப் பிள்ளைய வீடு வீடா வாரிய.

ஆனா இன்னும் சட்டம் ஆகலியாம்லா. வேல முடிஞ்சு ஆம்பளையள் குளிக்க ரூமு, துணிய அங்கனயே தொவைக்க மிசினு, இதெல்லாம் எல்லா யார்டுலயும் வைக்கணும்னா வீட்டுப் பொம்பளையள் ரத்தத்துல இருக்குன்னு இந்தத் தடவ காட்டியாகணும்னு சொன்னா. நீயும் அதத்தான சொல்லுத.

இவ்வளவு செஞ்சும் ஆனிக்கு மனசு ஆறல. அந்தப் பொம்பளையத் தேடுதா. எந்த நம்பரு யாருதுன்னு எழுதியிருந்தத, வேல முடிஞ்சதும் அந்தக் கம்பெனிக்காரன் அழிச்சுட்டானாம், ரகசியம் காக்கணுமாம். ஊருக்கு வரும்போதெல்லாம் தெருத் தெருவாப் போயிக் கேக்கா. உங்க வீட்டுல ரத்தம் எடுத்தாவளா, உங்களுக்கு வயித்து வலி உண்டா, கை காலு மரத்துப் போவுதான்னு. போன கோடையில நானும் கூடப் போனேன். உச்சி வெயிலு. அவ ஒவ்வொரு வாசலா ஏறி எறங்குதா, நான் கொடையப் பிடிச்சுக்கிட்டு பின்னாலயே நடக்கேன். ஒரு வீட்டுல, போன வருசம் எங்க அம்மா செத்துப் போனாவ, என்ன நோவுன்னு தெரியலன்னு ஒரு பையன் சொன்னான். இவ நேரா கோவிலுக்குப் போய் முழங்கால்ல நின்னா. பேரு தெரியாத ஆத்துமாவுக்குன்னு சொல்லிப் பூசைக்குக் குடுத்துட்டு வந்தா. நான் பக்கத்துலயே முக்காடு போட்டுக்கிட்டு நிக்கேன்.

இன்னைக்கு ஏன் பூட்டலன்னா கேக்க? அடுத்த தெருவுல ஜெப்ஸின்னு ஒரு பிள்ள இருக்கா. அவ மாப்பிள்ள பர்னபாசும் இதே யார்டுதான். இப்ப முழுகாம இருக்கா. நேத்துக் கொழாயடியில பாத்தேன், ரத்தம் குடுத்தியாளான்னு கேட்டேன். நீங்களே கதவப் பூட்டிக்கிட்டு இருக்கிய, என்னய மட்டும் குடுக்கச் சொல்லுதியளேக்கான்னா. கொடத்தத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன். ஒரு நம்பரத் தூக்கிப் போட்டுட்டேனேன்னு ஆனி ஊரெல்லாம் அழுதுக்கிட்டுத் திரியுதா. நான் கதவப் பூட்டிக்கிட்டு உக்காந்திருந்தா அதுவும் அதேதான?

உனக்கும் எடுத்தாச்சான்னு ஆனி கேக்காம இருப்பாளா? கேட்டா. ஜி.எச்.ல குடுத்துட்டேன், ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாவன்னேன். மாதா மேல சத்தியமான்னு கேட்டா, சத்தியம்னேன். அந்தப் பாவம் வேற.

ரிசல்ட்டு அவகிட்டதான போவும்? பேரோடதான? ம்.

சரி, எடு. வலது கை வேண்டாம்மா, நரம்பு சிக்காது. அப்ப மொத மொத ரத்தம் எடுக்க வந்த பையன் அதுல குத்திக் குத்திப் பாத்து நீலமாப் போச்சு. எடது கையில எடு. இந்தத் தெருவுல வேற யாரு வீட்டுக்கும் போகாம, எங்க வீட்டுக்கு மட்டும் அவன் திரும்ப வந்தான்லா, அப்ப இந்தக் கையிலதான் சட்டுனு சிக்குச்சு.

ஆமா. அந்த அம்பத்தெட்டு என்னுதுதான்.

அன்னைக்கு அவ வாளி முன்னால உக்காந்து சொல்லும்போதே தெரியும். என் பிள்ளைய அடக்கம் பண்ணிட்டு வந்த கையி அவளுக்கு. அவகிட்ட எப்படிம்மா சொல்லுவேன்? இந்த ஈயத்தாலதான் பிள்ள போச்சுன்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனா அவ கேப்பாளா? செத்துருவா.

ஏன் ஊசியக் கீழ வச்சுட்ட? கொஞ்சம் பொறுத்து எடு, ஒண்ணும் அவசரமில்ல. அவகிட்ட நீ எதுவும் சொல்லாத. ரிசல்ட்டு போய்ச் சேரும் முன்ன நானே போன் போட்டுச் சொல்லிருதேன். இப்ப ஆபீசுலதான் இருப்பா, என்ன? நீ எடுத்து முடிச்ச ஒடனே போடுதேன். நான் பேசி முடிக்குத வரைக்கும் நீ கொஞ்சம் எங்கூட இரி.